ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி

ஆண்டவன் துணை
ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். அவருடைய முழங்கால் வலி மட்டும், வாடகை தராத ஆள் மாதிரி, காலி பண்ண மாட்டேன் என்கிறது. அங்கே நீ சுகமா? என் கொழுந்தன், நம் சின்னவன், சுகமா? நீங்கள் இருவரும் இந்த வீட்டு மாடியைக் காலி செய்து தனிக்குடித்தனம் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் மாடியில் சத்தம் கேட்டால் நீதான் வேலைக்குக் கிளம்புகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போய்ப் பார்த்தால் பூனை.

ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள் ஒரே அடுப்பில் வைத்த இரண்டு பானை, ஒன்றுக்கொன்று கரி பூசிக்கொண்டுதான் இருக்கும் என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்வாள். உன் கடிதம் வரும்போதெல்லாம் வேண்டுமென்றே வாசலில் நின்று பிரிக்கிறேன், அவள் பார்க்கட்டும் என்று.

விஷயம் இதுதான். பேட்டரி சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் பாதி விலையை மானியமாகத் தருகிறதாம். எல்லா ஊரிலும் உண்டு. எங்கே குடியிருக்கிறோமோ அந்த முகவரியைக் காட்டினால் போதும். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காய்கறிச் சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். பிரார்த்தனைக் கூடமோ மேட்டின் மேல். ஏறிப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கி, ஆண்டவனிடம் என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துவிடுகிறது.

உன் மாமாவிடம் சொன்னேன். வயர்மேன் ஆயிற்றே, பேட்டரி என்றால் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். "இந்த வயசுல கீழ விழுந்தா எலும்புக்கும் மானியம் உண்டான்னு கேட்டுக்க" என்றார்.

நீயும் உன் ஊரில் எழுதிப் போடு. வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றி, எத்தனை நாள்தான் காலால் அளப்பாய்?

அது சரி, இனிமேல் கடிதத்தை மருத்துவமனை முகவரிக்கே அனுப்பச் சொன்னாயே, ஏன்? வீட்டுப் போனில் பேசினால் உன் பேச்சுக்குப் பின்னால் சின்னவன் இருமல் கேட்கும், என் பேச்சுக்குப் பின்னால் உன் மாமா செய்தி கேட்பார். அதனால்தான் நமக்கு இந்தக் காகிதம். அதற்கும் தடை வந்துவிடக் கூடாது.

உன் நலனுக்குத் தினமும் வேண்டிக்கொள்ளும்,
அக்கா.


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் மாமாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். மாமாவுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது துணியை நேராக வைக்காதீர்கள், மடித்து வையுங்கள்.

வீட்டுத் தபால்பெட்டி உடைந்துவிட்டது, அவ்வளவுதான். மருத்துவமனைக்கு எழுதினால் என் கைக்கே வரும்.

எனக்கு எதற்கு அக்கா சைக்கிள்? இங்கே எல்லாம் கிட்டக் கிட்டத்தான். நேற்று ஒரு தாத்தாவுக்குக் கால் கட்டு மாற்றப் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஏதாவது மருந்து வேணுமாம்மா?" என்று அவர் கேட்டார். அவர் பெண்டாட்டி, "மருந்து போட வந்த பொண்ணுக்கு முதல்ல தண்ணி கொடுங்க, மனுசா" என்றாள். சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது போலிருக்கிறது, கன்னம் வலித்தது.

நீங்கள் கட்டாயம் வாங்குங்கள். விழாமல் ஓட்டுங்கள்.

சும்மா ஒன்று கேட்கிறேன். நாங்கள் இருந்த மாடி அறை இப்போதும் காலியாகத்தான் இருக்கிறதா? வீட்டுப் பதிவில் என் பேர் இன்னும் இருக்கிறதா, அடித்துவிட்டீர்களா? சும்மாதான்.

அன்புடன்,
தங்கை.


ஆண்டவன் துணை
ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகம். ஒத்தடத் துணியை மடித்து வைத்தேன். "இதை அவதானே சொன்னா?" என்றார் உன் மாமா. உன் கைப்பக்குவம் அவருக்குத் தெரிகிறது.

அறை காலி என்று எப்படிச் சொல்வது? ஆள் இல்லை. பழைய பேப்பர் இருக்கிறது, உன் மாமாவின் வயர்ச் சுருள்கள் இருக்கின்றன, அந்தப் பூனையும் குடும்பத்தோடு இருக்கிறது. உன் பேரை யார் அடிப்பது? போன வருடம் பதிவைப் புதுப்பிக்க வந்த ஆள், "இவங்க ரெண்டு பேரும் இங்க இல்லையே, எடுத்துடலாமா?" என்றான். "அவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்கறாங்க?" என்று அனுப்பிவிட்டேன்.

இனி என் சங்கதி. கடைக்குப் போய் வண்டியை ஓட்டிப் பார்த்தேன்! சின்ன வயதில் அண்ணன் சைக்கிளை எடுத்துத் திருட்டுத்தனமாக ஓட்டியதோடு சரி. கடைக்காரர், "மிதிச்சா போதும்மா, மீதிய அது பாத்துக்கும்" என்றார். மிதித்தேன். அது பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. நான் ஒரு மிதி மிதித்தால் அது நாலு மிதி போகிறது. "பிரேக்கு, பிரேக்கு!" என்று பின்னாலேயே ஓடி வருகிறார். நான் கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டேன். பக்கத்துப் பாய்க்கடையில் அடுக்கி வைத்திருந்த பாய்க்கட்டுகளின் மேல் போய் விழுந்தேன். பாய்க்கடைக்காரர் அசையாமல் உட்கார்ந்தபடி, "பாய் வாங்கறதா இருந்தா நடந்தே வரலாம்மா" என்றார்.

ஆனாலும் அந்தக் கொஞ்ச தூரம்! முகத்தில் காற்று அடித்தது. அந்த நேரம் நான் யாருக்கும் பெண்டாட்டியும் இல்லை, அண்ணியும் இல்லை. இதைப் பாவம் என்று நினைக்கவில்லை. நீயும் நினைக்காதே.

மாதக் கடைசிக்குள் சந்தைக்குப் போகிற வழியில் மனுவைக் கொடுத்துவிடுவேன்.

ஒன்று கேட்க மறந்தேன். உன்னோடு பேசலாம் என்று உன் வீட்டுக்குப் போன் செய்தேன். சின்னவன் எடுத்து, "அவ வெளிய போயிருக்கா அண்ணி" என்றான். வேறொரு நாள் காலையில் செய்தேன், வெளியே. ஞாயிற்றுக்கிழமை செய்தேன், அன்றைக்கும் வெளியே. ஞாயிற்றுக்கிழமை கூடவா நோயாளிகள் உன்னை விடுவதில்லை?

பதில் போடு.

அக்கா.


ஜூலை 19

தங்கைக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன், கடிதம்தான் இல்லை.

இன்று மானிய அலுவலகத்துக்குப் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, வரிசையில் நின்று, கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் காகிதங்களைக் கொடுத்தேன். அவள் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "உங்க வீட்டுக்கு ஏற்கெனவே போட்டாச்சேம்மா" என்றாள்.

"யாரு போட்டா? வீட்ல நானும் அவரும்தான். அவருக்கு முழங்கால் மடங்காது."

"ஒரு வீட்டுக்கு ஒரு வண்டிதாம்மா. போன மாசமே தபால்ல வந்திருக்கு, பதிவு நகலோட." பேரைப் படித்தாள். உன் பேர்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பின்னால் நின்றவன், "அம்மா, வீட்டுச் சண்டைய வீட்ல வச்சுக்கங்க, பஸ்ஸு போயிடும்" என்றான். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா இவங்க?" என்றாள்.

"என் ஓரகத்தி."

"இங்கதான குடியிருக்காங்க?"

நாக்கில் பொய் வரவில்லை. உண்மையும் வரவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதுவும் பாதிப் பொய்தான், அதை இன்று ஆண்டவனிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

"எனக்கு எதற்கு அக்கா சைக்கிள்" என்று எழுதியது உன் கைதானே? அறை காலியா, பேர் இருக்கிறதா, சும்மாதான், சும்மாதான்! கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? எதை உனக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்? எதிர்வீட்டு அம்மாளின் பானைக் கதை சரிதான் போலிருக்கிறது. நான் பாய்க்கடையில் விழுந்ததைப் படித்து நீ சிரித்துக்கொண்டிருந்தபோது உன் மனு இங்கே வந்து சேர்ந்தேவிட்டிருக்கிறது.

இதற்காவது பதில் வருமா?


ஆண்டவன் துணை
ஜூலை 22

அன்புத் தங்கைக்கு,

போன கடிதத்தில் மேலே ஆண்டவன் பேரை எழுத மறந்துவிட்டேன். அவன் பேர் இல்லாமல் எழுதியதை நீயும் கணக்கில் வைக்காதே. கிழித்துப் போடு.

இன்று காலை பிரார்த்தனையில் என் மனு போனதைப் பற்றித்தான் முறையிட ஆரம்பித்தேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். ஆனால் வீட்டுக் கணக்கு எழுதி எழுதி ஒன்று கற்றிருக்கிறேன். கூட்டல் சரியாக வரவில்லை என்றால் தப்பு கூட்டலில் இல்லை, எதையோ எழுதாமல் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

உன் ஊரிலும் இதே மானியம் உண்டு. அங்கே உனக்கென்று வீடு இருக்கிறது. வீடு இருக்கிறவள் எதற்கு என் வீட்டு முகவரியை எழுத வேண்டும்? கடிதம் ஏன் மருத்துவமனைக்கு வர வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஏன் நீ வெளியே? சிரித்தால் ஏன் கன்னம் வலிக்க வேண்டும்?

வண்டியை விடு. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீ எங்கே படுக்கிறாய்?

அக்கா.


ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மாமா நலமா? உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. முதலாவதைக் கிழிக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

மருத்துவமனையில் கட்டுத்துணி, பஞ்சு எல்லாம் வைக்கிற அறை ஒன்று இருக்கிறது. அங்கேதான் படுக்கிறேன், மார்ச் மாதத்திலிருந்து. தலைமைச் செவிலி கண்டும் காணாமலும் விட்டிருக்கிறார். மேலிடத்திலிருந்து ஆள் வந்தால் என் பையைப் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிடுவேன்.

ஏன் வந்தேன் என்று கேட்காதீர்கள். மணிக்கட்டு இப்போது சரியாகிவிட்டது. கட்டுப் போடுகிறவளுக்குத் தனக்குப் போட்டுக்கொள்ளத் தெரியாதா? ஒற்றைக் கையால் முடிச்சுப் போடத்தான் கொஞ்சம் கஷ்டம், பல்லால் இழுக்க வேண்டும்.

சில நாள் சாயங்காலம் அவர் மருத்துவமனை வாசலில் வந்து நிற்கிறார். ஒன்றும் பேசுவதில்லை. நிற்கிறார். நான் பின்பக்கச் சமையற்கட்டு வழியாகப் போவேன்.

வீடு வீடாகச் செவிலிகளை அனுப்புகிற கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது. நிரந்தர வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் சேர்ப்பார்கள். முழு விலை கொடுத்து வாங்க எனக்கு வழியில்லை. மானிய மனுவில், 'தற்போது வசிக்கும் இடம்' என்று ஒரு கட்டம். வாடகைக்கு அறை பார்த்த இடத்திலெல்லாம், "வீட்டுக்காரர் கூட வரலையா?" என்கிறார்கள். பஞ்சு அறை என்றா எழுத முடியும்? பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கை தானாக நம் வீட்டு முகவரியை எழுதிவிட்டது, பழைய பதிவு நகலும் பையில் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் என்று தெரியும் அக்கா. தெரிந்துதான் போட்டேன். நீங்கள் கடையில் ஓட்டிப் பார்த்ததை எழுதியிருந்தீர்களே, முகத்தில் காற்று அடித்தது என்று. அதைப் படித்த அன்றே மனுவைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது வாங்கிவிடுகிறேன். நீங்கள் உங்களுடையதைப் போடுங்கள்.

மாமாவிடம் சொல்லாதீர்கள். நான் எப்படியோ, அவர் மாமாவுக்குத் தம்பி.

தங்கை.


ஆண்டவன் துணை
ஆகஸ்ட் 12

என் தங்கைக்கு,

சுகமா என்று கேட்க இந்த முறை எனக்கு வாய் வரவில்லை.

மனுவைத் திரும்ப வாங்கினால் உன்னோடு பேச மாட்டேன். கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டு வந்த என் மனுவை நான் இன்று போய்த் திரும்ப வாங்கிவிட்டேன். அதே கவுன்ட்டர்ப் பெண். "பேசித் தீத்துக்கிட்டீங்களா?" என்றாள். "தீரலம்மா, இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றேன். அவள் ஒரு சங்கதி சொன்னாள். மனு போட்டவர் உண்மையிலேயே அந்த முகவரியில் குடியிருக்கிறாரா என்று பார்க்க அடுத்த மாதம் வீட்டுக்கே அதிகாரி வருவாராம்.

அவர் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். உனக்காகக்கூட மாட்டேன். இத்தனை வருடம் காலையில் எழுந்ததும் எந்த வாயால் ஆண்டவன் பேரைச் சொன்னேனோ அந்த வாய் இது. அதனால் வழி ஒன்றுதான். நீ எழுதியதை நீயே உண்மையாக்கு. பையை எடுத்துக்கொண்டு வா. அந்தக் கம்பெனிக்கு இந்த ஊரிலும் கிளை இருக்கிறது, பெரிய பலகையே மாட்டியிருக்கிறான்.

உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறப்பதும், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போவதுமாக இருக்கிறேன். நடுவில் ஒன்று நடந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வந்தான். அண்ணனுக்குப் பழம் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. "அவ எங்கப்பா?" என்றார் உன் மாமா. "சும்மா கோவிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியிலயே தங்கியிருக்கா. பொம்பளைங்க கோவம் எத்தன நாளைக்கு? தானா வருவா" என்றான். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டிச் சோற்றை அவன் தட்டில் போடாமல் பாத்திரத்திலேயே திருப்பிப் போட்டேன். அதைச் சின்னவன் பார்க்கவில்லை. உன் மாமா பார்த்தார்.

அவர் சாப்பிட்டு முடித்துப் பேப்பரை விரித்துக்கொண்டார். அந்தப் பேப்பருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இருபத்தைந்து வருடமாகியும் எனக்குத் தெரியாது. மறுநாள் வேலை விட்டு வந்ததும் ட்ரில் மெஷினை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். என்ன என்றேன். "எலி வயரக் கடிச்சிருக்கு" என்றார்.

நீ வா.

அக்கா.


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நான் இருக்கிறேன்.

நீங்கள் 'வா' என்று எழுதியதை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் வர முடியாது. அவர் அங்கே வருவார். அண்ணன் வீட்டுக்குத் தம்பி வருவதை யார் தடுப்பது? அப்போது மாமா ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நிற்க வேண்டி வரும். ஒன்றாக இருக்கிற குடும்பத்தில் கல்லைப் போட்டவள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

மாமா என்ன சொன்னார்? அதை நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது.

அதிகாரி வந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மனு தானாகவே செத்துப் போகும். நாலாவது மாடித் தாத்தாவுக்குப் புண் ஆறிவிட்டது. என்னை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சந்தோஷமான விஷயம்தான். ஆனாலும் அந்தப் படிகள் இல்லாமல் சாயங்காலங்களில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

தங்கை.


ஆண்டவன் துணை
செப்டம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகம். நிஜமாகவே சுகம். உட்கார்ந்து படி.

இன்று அதிகாரி வந்தார். குடையும் கோப்புமாக, வியர்த்துக்கொண்டு. உன் மாமா முன்னறையில் பேப்பரோடு சாய்ந்திருந்தார், தூக்கம் என்று நினைத்தேன். அதிகாரி உன் பேரைச் சொல்லி, "இவங்க இங்கதான இருக்காங்க?" என்றார்.

மனசுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டு சொன்னேன். "பேரு இருக்கு. ரூம்பு இருக்கு. ஆளு இன்னும் வரல."

அவர் பேனாவை மூடிவிட்டார். "ஆளே இல்லாம மானியம் எப்படிம்மா கொடுக்கறது? வர்றாங்கன்னு என்ன அத்தாட்சி?"

என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது?  அப்போது பேப்பர் இறங்கியது.

"பேட்டரியக் கழட்டி சார்ஜ் போட எடம் இருக்கான்னு பாக்கணும்ல சார்? மேல வாங்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால் போனேன். அறையில் பேப்பர்க் கட்டுகளைக் காணோம். வயர்ச் சுருள்களைக் காணோம். பூனைக் குடும்பம் ஒரு அட்டைப் பெட்டிக்கு மாறியிருந்தது. ஜன்னல் ஓரம், கைக்கெட்டுகிற உயரத்தில், புதுசாக ஒரு பிளக் பாயின்ட். கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அதுவும் புதுசு. எலி கடித்ததாம்!

அதிகாரி சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். "அட, பதினஞ்சு ஆம்ப்ஸா? சைக்கிள் சார்ஜருக்கு அஞ்சே போதுமே" என்றார்.

"அஞ்சு போதும்தான்" என்றார் உன் மாமா. "மழக்காலம் வருது. ஹீட்டரு போடுவா. இஸ்திரி போடுவா. இருக்கற ஆளுக்கு எல்லாந்தான் வேணும்."

அதிகாரி மூடிய பேனாவைத் திறந்தார். பிறகு, "மாசக் கடைசிக்குள்ள ஆபீசுக்கு நேர்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அதுவரைக்கும் தள்ளி வக்கிறேன்" என்று எழுதிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு கேட்டேன், "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எந்த வீட்ல கரண்டு இல்லன்னு தெருவுல நின்னே சொல்லுவேன். இதென்ன, தம்பி வீடு" என்றார். அப்புறம் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

மாமா என்ன சொன்னார் என்று கேட்டாயே. இதுதான் சொன்னார். பதினைந்து ஆம்ப்ஸ்.

அக்கா.


ஆண்டவன் துணை
செப்டம்பர் 21

அன்புத் தங்கைக்கு,

சுகமா? கடிதம் கிடைத்ததா? கிடைத்தும் எழுதவில்லையா, கிடைக்கவே இல்லையா? சின்னவன் கைக்குப் போயிருக்குமோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

தினமும் உன் ஊர் பஸ் வருகிற நேரத்துக்கு எனக்கு எப்படியோ கடைத்தெருவில் ஒரு வேலை வந்துவிடுகிறது. இன்று தேவையே இல்லாமல் ஊசி நூல் வாங்கினேன்.  சாயங்காலம் உன் மாமா, "பஸ்ஸு இன்னைக்கும் லேட்டா?" என்றார்.

மனுவுக்காக வர வேண்டாம். வண்டி போனால் போகட்டும். மாதக் கடைசி தாண்டியும் அந்தத் தாழ்ப்பாள் அங்கேயேதான் இருக்கும்.

அக்கா.


(அக்டோபர், அக்கா வீட்டுச் சமையலறைக் கதவில், சோப்பு அட்டையின் பின்பக்கம்)

அக்கா, நீங்கள் பிரார்த்தனையில் இருந்தீர்கள், கூப்பிடவில்லை. கம்பெனி இன்று ஆறு வீடு கொடுத்திருக்கிறது, கடைசி வீடு மட்டும் பஸ் போகிற ரோட்டில்தான். அதனால் மூன்று மணிக்கு வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போவேன். சாயங்காலம் வண்டி உங்களுக்கு. மேடு ஏறும்போது பேட்டரி வேகத்தை மூன்றாம் நம்பரில் வையுங்கள், இறங்கும்போது ஒன்றில். பிரேக்கை இரண்டு கையாலும் பிடியுங்கள், கண்ணை மூடாதீர்கள். மாமா ஒத்தடத்துக்குத் துணி மடித்து வைத்திருக்கிறேன்.


(அதன் கீழே)

மேடு ஏறினேன். மூச்சு வாங்கவில்லை, கேட்க வந்ததெல்லாம் ஞாபகம் இருந்தது. இறங்கும்போது நம்பரை மாற்ற மறந்து, பாய்க்கடை வரை போய்விட்டேன். எலும்புக்கு மானியம் தேவைப்படவில்லை. மாமாவிடம் சொல்லாதே.

நீ வரும்போது நான் தூங்கிவிட்டால், இதையும் தெரிந்துகொள். சின்னவன் வந்திருந்தான். மாமா அவனை வாசற்படி ஏற விடவில்லை. முழங்காலை நீட்டிப் படியை அடைத்து உட்கார்ந்துகொண்டு, "என்கிட்ட பேசணும்னா பேசு, மேல பாக்காத" என்றார். கிளம்பும்போது அவன் வண்டியைப் பார்த்தான்.

"யாரு வண்டி அண்ணி இது?" என்றான்.

"எங்க வீட்டு வண்டி" என்றேன்.

பொய் இல்லையே.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சார்ஜ் போட்டாயிற்று.